வயல்வேலையும் வலிமாத்திரையும்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் நெற்செய்கை பண்ணுவோரையும், கிழக்கே எழுவான்கரையின் மணற்பாங்கான தோட்டங்களிற் கத்தரி, மிளகாய், வெண்டி, பயற்றை முதலியன செய்வோரையும் நோக்கி, வேலைக்கு இன்றியமையாதன எவை என்று வினவினால், விதை, பசளை, நீர், கருவி என்று விடை கூறுவர். இவற்றோடு ஐந்தாவதாக ஒரு பொருள் வயல்வாடிகளிற் புகுந்திருக்கின்றது. அது வலிமாத்திரை. வயலில் இறங்குமுன் ஒன்று, மத்தியானத்தில் ஒன்று, படுக்கைக்குப் போகுமுன் ஒன்று என்று அறுவடை முடியும்வரை விழுங்கிக்கொண்டே வேலை செய்வோர் உளர்.

விவசாயப் பிரசுரத்தில் மாத்திரையைப் பற்றிக் கூறுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். நோய்க்கு மருந்து கொடுத்தல் வைத்தியரின் கடன். அதில் யாம் தலையிடுவதற்கில்லை. ஆயினும், பூச்சிநாசினியைக் கையாளும் முறையைக் கமக்காரருக்குக் கற்பித்தல் எமது கடமையாயின், அதே வயலில் அதே நாளில் அவர் விழுங்கும் இரசாயனப் பொருளைப் பற்றி வாளாவிருத்தல் பொருந்தாது. நம்மவர் இரண்டையும் 'மருந்து' என்றே அழைக்கின்றனர். இரண்டிற்கும் அளவு உண்டு. இரண்டிற்கும் இடைவெளி உண்டு. அளவு மீறினால் இரண்டும் நஞ்சே.

பெயரை அறிதல்

பூச்சிநாசினிப் போத்தலின் சுட்டுத்துண்டில் வியாபாரப் பெயர் பெரிய எழுத்திலும், உள்ளே செயற்படும் பொருளின் பெயர் சிறிய எழுத்திலும் இருத்தலைக் கமக்காரர் அறிவர். வெவ்வேறு பெயருடைய இரண்டு போத்தல்களில் ஒரே பொருள் இருக்கக்கூடும் என்பதையும் அறிவர். மாத்திரை அட்டையும் அவ்வாறானதே. பனடோல் என்பது வியாபாரப் பெயர். அதன் உட்பொருள் பரசிற்றமோல். பனடோலும் விழுங்கி, வேறு பெயரில் விற்கும் தடிமன் மாத்திரையும் விழுங்கியவர், தாம் இரண்டு மருந்து உண்டதாக எண்ணுவார். உண்மையிற் பரசிற்றமோலையே இருமடங்கு உண்டவராவார்.

மருந்தை அதன் பொருட்பெயரால் அழைக்கவேண்டும் என்னும் கொள்கையை இந்நாட்டில் நிலைநாட்ட முயன்றவர் பேராசிரியர் சேனக பிபிலே. 1971 ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதற் தலைவர் அவர். மருந்தின் விலையைக் குறைத்தலே அக்கொள்கையின் முதன்மை நோக்கம் எனினும், எதை உண்கின்றோம் என்று உண்பவர் அறிதற்கும் அது வழிசெய்தது.

வலிக்கு உண்ணும் மாத்திரைகளை இருவகையாகப் பிரித்து மனதில் வைத்துக்கொள்ளலாம். ஒன்று பரசிற்றமோல். இது வலியையும் காய்ச்சலையும் தணிக்கும். வீக்கத்தை வற்றச் செய்யும் ஆற்றல் இதற்கு இல்லையென்றே கூறலாம். மற்றையது அழற்சி எதிர்ப்பு மருந்து. டைக்குளோபெனாக், இபுபுரோபன், மெபெனமிக் அமிலம், நப்புரொக்சன், அஸ்பிரின் ஆகியன இவ்வகையின. இவை வலியோடு வீக்கத்தையும் தணிக்கும். ஆகவே 'நல்ல மருந்து' என்று பெயரெடுத்திருக்கின்றன. நல்ல மருந்துகள்தாம், சுளுக்கிய கணுக்காலுக்கும் மூட்டு வாதத்திற்கும் வைத்தியர் சில நாளைக்கு இவற்றைக் கொடுப்பதில் யாதொரு குறையும் இல்லை. நாள்தோறும் கூலிக்குக் கூலியாக உண்ணுவதிலேயே கேடு விளைகின்றது.

அழற்சி என்பது யாது?

முள் குத்திய விரல் சிவந்து, சூடேறி, வீங்கி, வலிக்கின்றது. இந்நான்கும் சேர்ந்ததே அழற்சி. பழுதுற்ற இடத்திற்கு உடல் இரத்தத்தை மிகுதியாக அனுப்பி, அழுக்கை அகற்றிச் செப்பனிடும் முறை அது. இவ்வேலைக்கு ஏவலாளாக நின்று வலியையும் வீக்கத்தையும் உண்டாக்கும் பொருள்களுக்குப் புரொஸ்டகிளாண்டின் என்று பெயர்.

1763 ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே எட்வேட் ஸ்ரோன் என்னும் பாதிரியார், வில்லோ மரப்பட்டையின் தூள் குளிர்காய்ச்சலைத் தணிப்பதாக எழுதி அறிவித்தார். நோய் பரவும் ஈரநிலத்திலேயே அந்நோய்க்குரிய மருந்தும் வளரும் என்பது அவர் எண்ணம். எண்ணம் தவறு, மருந்து சரி. 1897 இல் ஜேர்மனியின் பேயர் கம்பனியில் அப்பட்டையின் சத்தோடு தொடர்புடைய அஸ்பிரின் தூய நிலையில் ஆக்கப்பட்டு, 1899 இல் விற்பனைக்கு வந்தது. அது எவ்வாறு வேலை செய்கின்றது என்பதோ 1971 வரை தெரிந்திருக்கவில்லை. அவ்வாண்டில் ஜோன் வேன் என்னும் ஆங்கில அறிஞர், இம்மருந்துகள் உடலிற் புரொஸ்டகிளாண்டின் உண்டாவதைத் தடுக்கின்றன என்று காட்டினார். 1982 இல் வேறிருவருடன் நோபல் பரிசையும் பெற்றார்.

இந்தக் கண்டுபிடிப்பிலேதான் நமக்குரிய எச்சரிக்கை அடங்கியிருக்கின்றது. புரொஸ்டகிளாண்டின் வலியை மாத்திரம் உண்டாக்கும் பொருளன்று. இரைப்பையின் உட்சுவரை அமிலம் அரியாதவாறு காப்பதும் அதுவே. சிறுநீரகத்திற்கு இரத்தம் செல்லும் வழியைத் திறந்து வைப்பதும் அதுவே. முழங்காலில் அதனைத் தடுக்கும் மாத்திரை இரைப்பையையும் சிறுநீரகத்தையும் விட்டுவைப்பதில்லை.

மதகு மூடிய கதை

உன்னிச்சைக் குளத்திலோ நவகிரிக் குளத்திலோ நீர் நிறைந்திருக்கும்போது மதகைச் சற்றே திறந்தாலும் வாய்க்கால் நிறைய ஓடும். நீர்மட்டம் தாழ்ந்தவிடத்து, வாய்க்காலில் அதே அளவு ஓட வேண்டுமாயின் மதகை அகலத் திறத்தல் வேண்டும். நம் உடலிலும் இவ்வாறே நிகழ்கின்றது. சிறுநீரகங்கள் இரண்டும் சேர்ந்து ஒரு நாளில் ஏறக்குறைய 180 லீற்றர் நீரை இரத்தத்திலிருந்து வடித்து, தேவையானதை மீண்டும் இரத்தத்திற் சேர்த்து, ஒன்றரை இரண்டு லீற்றரையே சிறுநீராக வெளியேற்றுகின்றன. வேர்வையால் உடல்நீர் குறைந்து இரத்தவோட்டம் தளரும்போது, வடிக்கும் வேலை நின்றுவிடாதவாறு சிறுநீரகத்தின் மதகை அகலத் திறந்து பிடித்திருப்பது புரொஸ்டகிளாண்டின். அந்நேரத்தில் டைக்குளோபெனாக்கோ இபுபுரோபனோ உள்ளே சென்றால் மதகு மூடிக்கொள்கின்றது.

சிறுபோக அறுவடைக் காலத்தை எண்ணிப் பாருங்கள். கச்சான் காற்று வீசி உடலின் ஈரத்தையெல்லாம் உறிஞ்சுகின்றது. நிழல் இல்லை. வாடியிலிருந்து கொண்டுவந்த நீர் பத்துமணிக்கே தீர்ந்துவிடுகின்றது. முதுகுவலிக்கு மாத்திரை இரண்டு விழுங்கியாயிற்று. மாத்திரை வலியை மறைப்பதால், ஓயவேண்டிய உடல் ஓயாமல் இன்னும் மூன்றுமணி நேரம் வேலை செய்கின்றது, இன்னும் வேர்க்கின்றது. குளம் வற்ற வற்ற மதகு மூடிக்கிடக்கும் நிலை இதுவே. நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு ஆபத்து மேலும் மிகுதி. இரத்த அழுத்தத்திற்கு எனலாப்பிரில் அல்லது லொசாட்டன், அதனோடு சிறுநீர் பெருக்கும் மாத்திரை, இவற்றின்மேல் வலிமாத்திரை என மூன்றும் ஒருங்கு சேர்வதைச் சிறுநீரக வைத்தியர்கள் பெரிதும் அஞ்சுகின்றனர்.

நம் அயல் மாவட்டமாகிய பொலனறுவையிலும் அனுராதபுரத்திலும், 1990 ஆம் ஆண்டுகள் தொடக்கம் நீரிழிவோ இரத்த அழுத்தமோ இல்லாத கமக்காரரிடையே நாட்பட்ட சிறுநீரக நோய் பரவலாகக் காணப்பட்டு வருதலை யாவரும் அறிவர். அதன் மூலகாரணம் இதுவே என்று அறிஞர்கள் ஒருமுகமாகத் துணிந்துரைக்கவில்லை. குடிநீர், கமவிரசாயனம், வெப்பமும் நீரிழப்பும் எனப் பலவும் ஆராயப்படுகின்றன. வலிமாத்திரையே அந்நோயைக் கொணர்ந்தது என்று யாம் கூறவில்லை. அவ்வாறு கூறுதல் உண்மையாகாது. ஆனால், காரணம் தெரியாத ஒரு கேடு பக்கத்தூரில் இருக்கையில், காரணம் தெரிந்த ஒரு கேட்டை நாமே காசு கொடுத்து வாங்குதல் வேண்டுமா? மத்திய அமெரிக்காவின் எல் சல்வடோர், நிக்கரகுவா நாடுகளிற் கரும்பு வெட்டுவோரிடையேயும் இதையொத்த நோய் உண்டு. அங்கே கைக்கொள்ளப்பட்ட முறை நீர், ஓய்வு, நிழல் என்னும் மூன்றாகும்.

சிறுநீரகத்தின் இயல்பு யாதெனில், பாதிச் செயல் குன்றும்வரை அது பெரும்பாலும் வெளிக்குறி காட்டுவதில்லை. 'எனக்கு ஒன்றும் செய்யவில்லை' என்று பத்து வருடம் மாத்திரை உண்டவர் கூறுதல் சான்றாகாது. இரத்தத்திற் கிரியற்றினின் அளவைச் சோதித்தே உண்மை அறியலாம்.

இரைப்பையிலும் இருதயத்திலும் இவை செய்யும் தீங்கைச் சுருக்கமாகக் கூறுவோம். வெறுவயிற்றில் உண்டால் மாத்திரமே புண் உண்டாகும் என்பது தவறான எண்ணம். இரத்தத்தில் கலந்த பின்னரும் இவை இரைப்பையின் காப்பை நீக்குகின்றன; ஆதலால் ஊசியாக ஏற்றினாலும் இத்தீங்கு நீங்காது. மலம் தார்போலக் கறுத்துப் போதல் உள்ளே இரத்தம் கசிவதன் அடையாளம். அன்றைக்கே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். டைக்குளோபெனாக் முதலியவற்றை நெடுநாள் உண்போருக்கு மாரடைப்பு நேரும் வாய்ப்பும் கூடுகின்றது. தொய்வு நோயுள்ளோரும் கருவுற்ற தாய்மாரும் வைத்தியரைக் கேளாது இவற்றைத் தொடுதல் ஆகாது. எனினும் இருதய நோய்க்காக வைத்தியர் தினமும் உண்ணும்படி விதித்த சிறிய அளவு அஸ்பிரினை, இப்பிரசுரத்தைப் படித்துவிட்டு எவரும் தாமாக நிறுத்திவிடலாகாது.

காய்ச்சலோடு வரும் உடல்நோ

பெரும்போகத்தில் நிலைமை வேறு. மழையும் வெள்ளமும் சேறும் மிகுந்த காலம். வரம்பு கட்டியும் களை பிடுங்கியும் வந்த ஒருவருக்கு இரவிற் காய்ச்சலும் உடல்நோவும் கண்டால், வேலைக் களைப்பு என்றே எண்ணத் தோன்றும். இவ்விடத்தில்தான் மிகுந்த கவனம் வேண்டும்.

எலிக்காய்ச்சல், எலி முதலிய பிராணிகளின் சிறுநீர் கலந்த வயல்நீரிலிருந்து, காலிலுள்ள வெடிப்பு, கீறல் வழியாக உடலிற் புகுவது. திடீரெனக் கடுங்காய்ச்சல், கெண்டைக்காலிலும் இடுப்பிலும் தொடமுடியாத நோவு, கண் சிவத்தல் ஆகியன அதன் தொடக்கக் குறிகள். 2008 ஆம் ஆண்டில் இந்நாட்டில் 7,000 இற்கு மேற்பட்டோர் இந்நோய்க்கு ஆளானதாகச் சந்தேகிக்கப்பட்டது. இந்நோய் சிறுநீரகத்தைத் தாக்கும் தன்மையது. வலிமாத்திரையும் அதே உறுப்பையே தாக்குவதால், ஒன்றுக்கு மற்றொன்று துணை செய்கின்றது. அன்றியும், மாத்திரை நோவைக் குறைத்து நோயாளியை இரண்டு மூன்று நாள் வீட்டில் இருத்திவிடுகின்றது. தொடக்கத்திலேயே கிருமிநாசினி மருந்து கொடுத்தால் எளிதில் தீரும் நோய், அந்நாட்களில் முற்றிவிடுகின்றது. பொதுச் சுகாதாரப் பரிசோதகரை முன்கூட்டியே அணுகினால், வயலில் இறங்கும் காலத்திற்கு வாரம் ஒருமுறை உண்ணும் தடுப்பு மாத்திரை பற்றிய ஆலோசனையைப் பெறலாம்.

டெங்கு மற்றொன்று. 2017 ஆம் ஆண்டில் நாடு முழுவதிலும் 186,000 இற்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளராகச் சந்தேகிக்கப்பட்டனர். டெங்குவில் இரத்தம் உறையும் ஆற்றல் குன்றுகின்றது. அஸ்பிரினும் டைக்குளோபெனாக்கும் இபுபுரோபனும் அதனை மேலும் குறைத்து, இரைப்பையிலும் குடலிலும் இரத்தம் பெருக வழிசெய்கின்றன. 2006 ஆம் ஆண்டில் நம் மாவட்டத்தையும் வாட்டிய சிக்குன்குனியாக் காய்ச்சலில் மூட்டுநோவு பொறுக்கமுடியாதது என்பது உண்மையே. ஆயினும் டெங்கு அன்று என்று இரத்தச் சோதனையால் உறுதியாகும்வரை அந்நோவுக்கும் பரசிற்றமோலே தகும். காய்ச்சல் என்றால் பரசிற்றமோல் மாத்திரமே. வேறெந்த வலிமாத்திரையும் கூடாது. இவ்வொன்றை வீட்டிலுள்ள யாவரும் மனனஞ் செய்துகொள்ளல் நன்று.

பரசிற்றமோலுக்கும் எல்லை உண்டு. வளர்ந்தவர் ஒருவர் 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று அல்லது இரண்டை ஒரு வேளைக்கு உண்ணலாம். அடுத்த வேளைக்கு நான்கு மணி நேரமாவது செல்லவேண்டும். இருபத்துநான்கு மணி நேரத்தில் எட்டு மாத்திரைக்கு மேற்படலாகாது. உடல் மெலிந்தவர், ஈரல் நோயுள்ளவர், சாராயமோ கசிப்போ குடிக்கும் வழக்கமுள்ளவர் இதனினும் குறைவாகவே உண்ணவேண்டும். அளவை வைத்தியரிடம் கேட்டறிதல் வேண்டும். அளவு மீறினால் ஈரல் கெடும். இரண்டு மூன்று நாள் ஒன்றும் தெரியாதிருந்து பின்னர் கெடுதல் வெளிப்படுவதே அதன் கொடுமை.

வயலிற் பாம்பு கடித்தவிடத்தும் வலிக்கென்று அஸ்பிரினோ டைக்குளோபெனாக்கோ கொடுத்தல் ஆகாது. கண்ணாடி விரியனின் நஞ்சு இரத்தத்தை உறையவிடாது செய்வது; இம்மாத்திரைகளும் அதற்குத் துணைபோகும். கடியுண்ட அங்கத்தை அசையாது வைத்து, உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்க. பூச்சிநாசினி தெளித்த அன்று தலையிடி, வாந்தி, வாயில் நீரூறல், தசைத்துடிப்பு ஆகியன கண்டால் அதுவும் வேலைக்களைப்பு அன்று, நஞ்சேறியதன் குறி. மாத்திரை தேடாமல் உடையைக் களைந்து, உடலைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, நஞ்சுப் போத்தலின் சுட்டுத்துண்டையும் எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் செல்லல் வேண்டும்.

கடதாசிச் சுருள் மாத்திரை

பெயரில்லாத வெள்ளை மாத்திரை ஒன்று, மஞ்சள் ஒன்று, சிறிய பச்சை ஒன்று எனக் கடதாசியிற் சுற்றிக் கொடுப்பதை வாங்கி, 'ஒரே நாளிற் சுகம்' என்று மகிழ்வோர் சிலர். அவ்வளவு விரைவிற் சுகம் தருவதில் பெரும்பாலும் ஸ்டெரொயிட் கலந்திருக்கக்கூடும். பிரெட்னிசலோன், டெக்சாமெதசோன் என்பன அவ்வகையின. தக்க நோய்க்கு உயிர்காக்கும் மருந்துகள் அவை. முதுகுவலிக்கு மாதக்கணக்கில் உண்டால் முகம் ஊதும், இரத்தத்திற் சீனி ஏறும், எலும்பு உளுக்கும். திடீரென நிறுத்தினால் மயங்கி விழவும் நேரும். சுட்டுத்துண்டில்லாத போத்தலிற் பூச்சிநாசினி வாங்கமாட்டோம் அல்லவா? 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை அமைந்ததும் மக்கள் உண்பது இன்னதென்று தெரிந்த, தரமான மருந்தாக இருத்தல் வேண்டும் என்பதற்காகவே.

மாட்டுக்குரிய வலியூசியை மனிதருக்கு ஏற்றுதலும் கூடாது. இவ்விடத்தில் ஒரு செய்தி. இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் மாடுகளுக்கு டைக்குளோபெனாக் கொடுத்து வந்தனர். அம்மாடுகள் இறந்தபின் அவற்றின் இறைச்சியைத் தின்ற கழுகுகள் சிறுநீரகம் கெட்டு, இலட்சக்கணக்கில் மடிந்தன. காரணம் 2004 ஆம் ஆண்டில் வெளிப்பட்டது; 2006 இல் இந்திய அரசு கால்நடைக்கான டைக்குளோபெனாக்கைத் தடைசெய்தது. கழுகின் உடல் வேறு, மனிதனின் உடல் வேறு. ஆயினும் இம்மருந்து எவ்வுறுப்பை நாடுகின்றது என்பதற்கு இதனினும் தெளிவான காட்சி வேண்டியதில்லை.

மாத்திரைக்கு முன் செய்யத்தக்கன

புதிதாக ஏற்பட்ட சுளுக்குக்கு முதல் இரண்டு நாளும் துணியிற் சுற்றிய பனிக்கட்டி அல்லது குளிர்நீர் ஒத்தணம் நன்று, வீக்கம் தணியும். நாட்பட்ட இடுப்புப் பிடிப்புக்குச் சூடான ஒத்தணம் நன்று. நம் முன்னோர் நொச்சியிலையை வதக்கித் துணியில் முடிந்து ஒத்தணம் கொடுத்தது வீணான வேலையன்று. சூடு தசையைத் தளர்த்தும். பூசும் தைலங்களும் சற்று இதம் தரும். ஆனால் மணமுள்ள சில வலித்தைலங்களில் உள்ள மெதைல் சலிசிலேற்று அஸ்பிரினின் உறவுப்பொருள். அந்த எண்ணெயின் தூய நிலையிலுள்ள ஒரு தேக்கரண்டியே குழந்தையின் உயிரைப் போக்கவல்லது. போத்தலைப் பிள்ளைகளுக்கு எட்டாதவாறு வைத்தல் வேண்டும்.

இடுப்புவலி வந்தால் பாயிற் கிடந்தபடி நாட்களைக் கழித்தலும் நன்றன்று. ஓரிரு நாளில் எழுந்து மெல்ல நடமாடுதலே விரைவிற் குணம் தரும்.

இனி, வலி வராது வேலை செய்தலைப் பற்றி. இதுவே எமக்குரிய துறை. ஒரு புசல் நெல் 20 கிலோவுக்குச் சற்று மேல். மூன்று புசல் மூடை 60 கிலோவைத் தாண்டும். அதனைக் குனிந்து இடுப்பால் தூக்காமல், முழங்காலை மடக்கி, மூடையை நெஞ்சோடு அணைத்து எழுதல் வேண்டும். இருவர் சேர்ந்து தூக்குதல் அதனினும் மேல். தூக்கிய நிலையில் இடுப்பைத் திருகலாகாது. 16 லீற்றர் தெளிகருவி நிரம்பியவிடத்து 20 கிலோ வரை நிறுக்கும். முக்காற்பங்கு நிரப்பிச் செல்லலாம், மருந்தின் அளவையும் அவ்வீதப்படி குறைக்க மறவாதீர்கள். அதன் தோள்வாருக்குள் பழந்துணி மடித்து வைத்தால் தோள்நோ பெரிதும் குறையும். மண்வெட்டிப் பிடி குட்டையாயின் முதுகு வளையும். ஆளின் உயரத்திற்கேற்ற பிடி போடுதற்கு ஆகும் செலவு ஓர் அட்டை மாத்திரைக்குமேல் அதிகமில்லை. வரிசையாக நட்ட வயலில் நின்றபடி தள்ளும் களைகருவியைப் பயன்படுத்தலாம். தோட்டத்திற்குப் பூவாளியால் நீர் ஊற்றுவோர் ஒரு கையிற் பெரிதொன்றைச் சுமப்பதிலும், இரு கையிலும் சிறிய இரண்டைச் சுமத்தல் நன்று.

சிறுபோகத்தில் வெட்டுவேலையை விடியற்காலையிலே தொடங்கிப் பத்தரைமணிக்குள் நிறுத்தி, வெயில் தாழ்ந்தபின் மீண்டும் தொடங்கலாம். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் இருபது நிமிடத்திற்கு ஒருமுறை ஏறக்குறைய கால் லீற்றர் நீர் அருந்துக. சிறுநீர் தேயிலைச் சாயம்போல இருந்தால் உடலில் நீர் குறைந்துவிட்டது என்பதை அறிக. வேலையாட்களை அமர்த்துவோர் குடிநீர்க் கலனை வரம்பின் எல்லைக்கே கொண்டுவந்து வைத்தல் வேண்டும். வாடிவரை நடந்துவர வேண்டுமென்றால் எவரும் போய்க் குடிப்பதில்லை. சிறுநீரக நோய் ஏற்கெனவே உள்ளோர் நீரின் அளவை வைத்தியரிடம் கேட்டு நடப்பாராக.

இவ்வளவு செய்தும் வலி ஒரு வாரத்துக்குமேல் நீடித்தால், அல்லது கால் மரத்தல், சிறுநீர் அடக்கமுடியாமை, காய்ச்சல், விழுந்தபின் வந்த வலி ஆகியவற்றுள் ஒன்று இருந்தால், காலந்தாழ்த்தாது வைத்தியரைக் காண்க. நெஞ்சிலோ இடத்தோளிலோ வேர்வையுடன் வரும் வலியைச் சுமைதூக்கிய வலி என்று தைலம் பூசிக்கொண்டிருத்தல் பெருந்தவறு. உடனே 1990 இலக்கத்திற்கு அழைத்துச் சுவசெரிய நோயாளர் வண்டியை வரவழைக்கவும். அரசாங்க வைத்தியசாலைகளில் ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை. அங்கே செல்லும்போது வீட்டிலும் வாடியிலும் உள்ள மாத்திரை அட்டைகள் அனைத்தையும், வெறுமையானவை உட்பட, ஒரு பையிலிட்டுக் கொண்டுசென்று காட்டுங்கள். எத்தனை நாளாக, நாளொன்றுக்கு எத்தனை உண்டீர்கள் என்பதையும் மறைக்காது கூறுங்கள். பழுதான மாத்திரைகளைக் கிணற்றிலோ வாய்க்காலிலோ வீசாமல் மருந்தகத்தில் ஒப்படைக்க முடியுமா என்று அங்கேயே கேட்டறிந்துகொள்ளுங்கள்.